செத்த வீட்டில் சொல்லக் கூடாதது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் சொல்வழி கேளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார்.

போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. லைனும் விட்டு விட்டு வந்தது, பக்கத்தில் அப்பா பிட்டு ஆறுகிறது என்று சத்தம். இருபத்தெட்டு வருடம் இந்து நாகரிகம் படிப்பித்த எனக்குக் கரும்பலகை இல்லாவிட்டால் வாய் வராது போலிருக்கிறது. அதுதான் எழுதுகிறேன்.

உன் சமய மெய்யியல் பாடத்தில் மேல்நாட்டு மெய்யியலாளர்களான அன்செல்முக்கும் அக்குவைனாசுக்கும் பேலிக்கும் ஹியூமுக்கும் கிழமை கிழமையாக நேரம், நம்மவர்களுக்கு மட்டும் ஒரே கிழமை, அதுவும் கர்மமும் மறுபிறப்பும் மட்டும் என்றாய். கர்மக் கொள்கை அடிபட்டவனையே குற்றவாளியாக்குகிறது என்று விரிவுரையாளர் சொன்னபோது உனக்குக் கோபம் வந்ததாம், மறுக்க மட்டும் தெரியவில்லையாம்.

முதலில் அந்த ஒரு கிழமைக் கதை. குடத்தைக் கண்டால் குயவன் உண்டு என்கிறோம், உலகமும் அப்படிச் செய்யப்பட்ட ஒரு காரியம், அதற்கும் செய்தவன், ஒரு கர்த்தா வேண்டும். இது தருக்கத்தையே முதன்மையாக வைத்த நியாய மதத்தாரின் வாதம். அவர்களில் ஒருவரான உதயணர் இதை நிறுவவே நியாயகுசுமாஞ்சலி என்று ஒரு நூல் எழுதினார். அவர் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்ததாம். "செல்வச் செருக்கில் என்னை மதிக்கிறாய் இல்லை. பௌத்தர்கள் வந்து நின்றபோது நீ இருக்கிறாய் என்பதே என் கையில்தானே இருந்தது!" என்று கடவுளையே ஏசினார் என்று ஒரு கதை உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வாங்கில் தூங்குகிறவனும் எழும்பிவிடுவான்.

அந்தக் குயவன் வாதத்தை உடைத்தவர் யார் தெரியுமா? நாத்திகர் இல்லை, இராமாநுசர். மலையும் கடலும் ஒரே நாளில் ஒரே ஆள் செய்தவை என்று எப்படித் தெரியும், பெரிய மாளிகையைப் பல பேர் சேர்ந்துதானே கட்டுகிறார்கள், குயவனுக்கு உடம்பு இருக்கிறதே, கர்த்தாவுக்கும் உடம்பு உண்டா என்று பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்ற உரையில் கேட்டுக்கொண்டே போகிறார். கடவுளை ஊகித்து நிறுவ முடியாது, வேதம் சொல்லித்தான் அறியலாம் என்பது அவர் முடிவு. உலகத்தைப் பல கடவுளர் சேர்ந்து செய்திருக்கலாமே என்று ஹியூம் கேட்ட நூல் வெளிவந்தது 1779இல், இராமாநுசருக்கு அறுநூறு வருடங்களுக்கும் பின்னால். கடவுளை உயிராக நினைத்த ஒருவரே கடவுளுக்கான வாதத்தை இப்படிப் பிரித்துப் போட்டார் என்பதை உன் விரிவுரையாளருக்குச் சொல். ஒரு கிழமை போதாது என்று அவருக்கே விளங்கும்.

நம் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் மறுபடி அந்தக் காரிய காரண வாதத்தைத்தான் எடுத்தார். 'அவன் அவள் அது' என்று தொடங்கும் சிவஞானபோத முதற் சூத்திரம் அதுதான். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே மற்றவர்களுக்கு ஒதுக்கினார். கடவுளே இல்லை என்கிற உலகாயதனில் தொடங்கி ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் மறுப்பு. அதே சித்தியாரின் 'யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்' என்ற வரியை மேடைக்கு மேடை சமரசம் என்று பாடுகிறோம். அடுத்த வரியைப் பாடுவதில்லை. அந்தத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும் என்று அதில் இருக்கிறது. கும்பிடு, வந்து அருள்வது சிவன்தான் என்பதுதான் பொருள். அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசாதே.

சரி, கர்மத்துக்கு வருகிறேன். இதுதான் எழுதக் கை ஓடாத இடம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். உனக்கு ஆறு வயது. சுனாமி நாள். நாவலடியில் சின்னம்மாவைக் கடல் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்த ஒருவர், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "என்ன செய்வது டீச்சர், எல்லாம் அவ செய்த வினை" என்றார். ஆறுதல் என்றுதான் சொன்னார். அதே வசனத்தை நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொப்பியில் இறக்கச் சொல்லியிருப்பேன்! அன்று அவர் கையில் இருந்த வெற்றிலைத் தட்டத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போல நான் அந்தப் பாடத்தை வேகமாகத் தாண்டிப் போனேன். பிறகு பழைய புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன்.

வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்வி பச்சையாகவே வருகிறது: ஒருவன் சுகமாகவும் ஒருவன் துன்பத்திலும் இருக்கிறானே, அப்படியானால் ஈசன் பாரபட்சக்காரனா, இரக்கமில்லாதவனா? இல்லை, அவரவர் வினையைப் பார்த்தே தருகிறான் என்பது விடை. மழை எல்லா வயலுக்கும் ஒன்றுதான், நெல்லா வாற்கோதுமையா என்பது வித்தைப் பொறுத்தது என்று சங்கரர் விளக்குகிறார். முதற் படைப்பில் வினை எங்கிருந்து வந்தது என்றால், தொடக்கமே இல்லை என்கிறது அடுத்த சூத்திரம். எனக்கு இது முழுதாகத் திருப்தி இல்லை. கேள்வியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது. உன் விரிவுரையாளரும் இதைத்தான் பிடித்திருப்பார்.

ஆனால் சைவ சித்தாந்தம் இன்னொன்று சொல்கிறது. அதைத்தான் நான் படிப்பித்தும் கவனிக்காமல் விட்டேன். உயிரைப் பிடித்திருக்கிற அழுக்கை மலம் என்கிறோம்: ஆணவம், கன்மம், மாயை. அந்த மூன்றில் மூலம் வினையாகிய கன்மம் இல்லை, உயிரை மறைக்கிற இருளான ஆணவம். செம்பில் களிம்பு மாதிரி, நெல்லில் உமி மாதிரி. உமி நெல் செய்த குற்றமா? நெல்லுக்கு உமியை யாராவது தண்டனையாகக் கொடுத்தார்களா? உயிர் எதையும் செய்வதற்கு முன்பே அது ஒட்டியிருக்கிறது. உடம்பும் உலகமும் வினையும் எல்லாம் அதைக் கழற்ற இறைவன் பிறகு கூட்டுகிற மருந்து. ஆகவே துன்பத்தின் அடிவேரைத் தேடிப் போனால் அங்கே 'நீ செய்தாய்' என்று எழுதியிருக்காது. உன் விரிவுரையாளர் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற விடை இதுதான். கடல் ஏன் அன்று வந்தது என்பதற்கு இது விடையில்லை, அதுவும் எனக்குத் தெரியும். வினை என்ற சொல்லை என் துன்பத்துக்கு நான் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் செத்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இதை நம் ஊர்ச் சனம் ஏட்டைப் படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். சிலப்பதிகாரம் ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று சொல்கிற நூல்தான். முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்து அவன் சாகக் காரணமாக இருந்த கதையை மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்குச் சொல்கிறது. எப்போது சொல்கிறது என்று பார். அவள் சிலம்போடு அரசவையில் நியாயம் கேட்டு, மதுரையும் எரிந்த பிறகு! அதற்கு முன் 'உன் புருஷனின் வினை' என்று அவளை வாசலில் நிறுத்த யாரும் வரவில்லை. நம் கண்ணகி அம்மன் கோயில்களில் படிப்பதும் அவள் வழக்குரைத்த கதையைத்தான். கேள்வி கேட்ட பெண்ணைத்தான் இங்கே தெய்வமாக வைத்திருக்கிறோம், அவளுடைய சூடு தணியட்டும் என்று வருடா வருடம் குளிர்த்திச் சடங்கு செய்கிறோம். 'ஏன் கோபப்பட்டாய் தாயே' என்று கேட்பதில்லை.

வைகாசிக் குளிர்த்திக்கு இம்முறை நானும் மாமியும் போகிறோம். சின்னம்மாவுக்குப் பிடித்த மஞ்சள் சேலை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது, அதைத்தான் உடுக்கப் போகிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறான். மாமா படுவான்கரையிலிருந்து கொண்டுவந்த குத்தரிசி இரண்டு கிலோ அவனிடம் கொடுத்து விடுகிறேன். இடைக்கிடை நெல் கிடக்கும் புள்ள, பொறுக்கிவிட்டு உலையில் போடு.

அன்புடன்,
அம்மா