மண்டபம் பட்டறை அண்ணனுக்கும் உச்சிப்புளி மாமாவுக்கும், இன்னும் சிலருக்கும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

என் தங்கை மகன் ஒரு வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். "நம்ம தங்கச்சிமடத்துப் பையன் அமெரிக்காவில் சொந்தமா விமானம் கட்டிப் பறக்கிறான்" என்று தலைப்பு வேறு. அது பாம்பன், கீழக்கரை எல்லாம் சுற்றிவிட்டு எனக்கே வந்து சேர்ந்தது. தலையெல்லாம் நரைத்தவனைப் பையன் என்றதற்கு முதல் நன்றி. ஆனால் விமானத்தைக் கட்டியவன் நான் இல்லை. வாங்கினேன், மாற்றி அமைத்தேன், அவ்வளவுதான். அந்த மாற்றத்திலும் பெரிய பங்கு உங்களில் சிலருடையது. அதைச் சொல்லாமல் வாழ்த்தை மட்டும் வாங்கிக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது.

கட்டியவர் டெக்சாஸில் இருக்கும் ஒரு பெரியவர். கிளாசேர் 3 என்ற இரண்டு இருக்கை விமானம் அது. பாகங்களைப் பெட்டியில் வாங்கி, வருடக்கணக்கில் தன் கார் ஷெட்டிலேயே கோர்த்திருக்கிறார். அமெரிக்கச் சட்டப்படி இந்த வகையில் பாதிக்கு மேற்பட்ட வேலை, பேச்சுவழக்கில் 51 சதவீதம் என்பார்கள், தொழில்முறையில்லாத ஆட்கள் தங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் கிடைக்கும். விமானத்தை விற்றாலும் சான்றிதழ் அவரிடம்தான் இருக்கும், வாங்கியவனுக்கு வராது. அதனால் வருடாந்திரச் சோதனைக்கு நான் அவரையோ, உரிமம் உள்ள மெக்கானிக்கையோ கூப்பிடலாம். அவரே வருகிறார். காசு வாங்குவதில்லை, நம்ம வீட்டு மீன்குழம்பு போதும் என்கிறார். கட்டும்போது எழுதிய குறிப்பேடுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்தார். எந்த இடத்தில் எத்தனை அடுக்குக் கண்ணாடியிழைத் துணி என்பதுவரை அதில் இருக்கிறது. பழைய விமானம் வாங்குபவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

சரி, வீட்டில் விமானம் கட்டுவதெல்லாம் நடக்கிற காரியமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017இல் அதைப் பதிவு செய்தது.

இனி மண்டபம் அண்ணன்.

கிளாசேரின் உடம்பு ஃபைபர், அதாவது கண்ணாடியிழைத் துணியில் ரெசின் என்ற பசையைத் தடவி இறுக வைத்தது. உலோகத் தகடு, ரிவெட் என்று எதுவும் மேலே தெரியாது, வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பும் சின்ன இறக்கையும் 300 குதிரைசக்தி லைகமிங் எஞ்சினும் சேர்ந்துதான் அதை மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துப் போகின்றன. ஆனால் வேகமாகப் போகிற விமானத்தில் எஞ்சினைக் குளிர்விப்பது பெரும்பாடு. காற்று உள்ளே வரும் வழியைப் பெரிதாக்கினால் வேகம் குறையும், சிறிதாக்கினால் சிலிண்டர் கொதிக்கும். என்னுடையதில் பின் சிலிண்டர்கள் எப்போதும் சூடு. எஞ்சினை மூடும் கூட்டின் கீழ்ப்பாதியைப் புதிதாக வார்த்தால்தான் தீரும் என்றாகிவிட்டது.

வார்க்க எனக்குத் தெரியாது. நாட்டுப்படகுக்கு ஃபைபர் போடும் அண்ணனுக்குத் தெரியும். அவர் படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின், கிளாசேருக்கு வினைல் எஸ்டர். ரெசின் வேறு என்றாலும் அதைக் கெட்டியாக்கக் கலக்கும் கோபால்ட்டும் ஹார்டனரும் இரண்டுக்கும் பொது. "தம்பி, ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்திறாத, வெடிச்சிரும். கோபால்ட்ட முதல்ல ரெசின்ல நல்லாக் கலக்கு, அப்புறம் ஹார்டனர்." இதுதான் அவர் போனில் சொன்ன முதல் பாடம். புத்தகத்திலும் இது இருக்கிறது, ஆனால் அவர் சத்தம் போட்டுச் சொன்னதுதான் மனதில் நின்றது. டெக்சாஸ் கோடையும் நம்ம கத்திரிக்குச் சளைத்ததில்லை. கலக்கி வைத்த ரெசின் துணியில் தடவுவதற்குள் கெட்டியாகிவிடும். விடியுமுன் ஆரம்பி, ஹார்டனரைக் குறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு என்றார். என் மனைவி எடைத் தராசு வைத்து அளந்து கொடுக்க, நான் தடவினேன். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நாற்றம் பொறுக்காமல் பக்கத்து ஹேங்கர்காரர் (விமானக் கொட்டகைக்காரர்) முறைத்ததைத் தனியாக எழுத வேண்டும்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே இடத்தில்தான் சண்டை வந்தது. பலமாக இருக்கட்டும் என்று அவர் இன்னொரு அடுக்கு மேட் (நெய்யாத, தடித்த கண்ணாடியிழை விரிப்பு) போடச் சொன்னார். படகுக்கு அது சரி. விமானத்தில் மூக்குப் பக்கம் கூடும் ஒவ்வொரு கிலோவும் எடைமையத்தை முன்னால் இழுக்கும். இறங்கும்போது மூக்கைத் தூக்கவே கஷ்டப்பட வேண்டியிருக்கும். அதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் யோசித்தார். "வத்தையில ஐஸ் பொட்டிய முன்னால தள்ளி வச்ச மாதிரியா?" என்றார். அதேதான். மறுநாளே, மேட் போடாமல் வெறும் நெய்த துணியை வைத்து, உபரி ரெசினை ரப்பர் பட்டையால் வழித்தெடுக்கச் செய்துகாட்டி வீடியோ அனுப்பினார். ரெசின் கூடினால் எடைதான் கூடும், பலம் வராது என்று அவர் சொன்னது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

உடம்பைத் தட்டிப் பார்க்கவும் அவர்தான் பழக்கினார். காசு வைத்துத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் மொத்தென்று இருக்கும். விமானக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். போன் வழியே சத்தத்தை மட்டும் கேட்டே, "அந்த இடத்த இன்னொரு தடவ தட்டு" என்று சொல்ல அவரால்தான் முடியும்.

உச்சிப்புளி மாமா கடற்படை விமானப் பிரிவில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்குள்ள கடற்படைத் தளமான ஐஎன்எஸ் பருந்துக்கு மேலே டார்னியர் விமானம் போனால் இன்றும் எழுந்து வெளியே வந்து பார்ப்பார் என்று அத்தை சொல்வார். வெளியில் ஒரு பட்டறையில் கொடுத்து ஆயில் மாற்றி வந்திருந்தேன், பெயர் வேண்டாம். எஞ்சினைக் காட்டு என்றார் மாமா, வீடியோவில் காட்டினேன். ஆயில் ஃபில்டரில் கட்டியிருந்த பாதுகாப்புக் கம்பியைப் பார்த்ததும் குரல் மாறியது. "மாப்ள, கம்பி இறுக்குற பக்கம் இழுக்கணும். இது கழட்டுற பக்கம்ல இழுக்குது." அதிர்வில் ஃபில்டர் தளர்ந்தால் ஆயில் மொத்தமும் வெளியேறிவிடும், எஞ்சின் நின்றுவிடும். அன்று அவர் கண்ணுக்கு அது பட்டதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? மூடியைப் பூட்டுமுன் கருவிகளை எண்ணும் பழக்கமும் அவர் தந்ததுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ ஒன்றை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தோம். பழைய முள் மீட்டர்கள் போய் கார்மின் நிறுவனத்தின் டிஜிட்டல் திரை வந்தது. கண்ணாடிக் கூரைக்கு உறை தைத்துக் கொடுத்த கீழக்கரை டெய்லர் பாய்க்கு நன்றி. உள்பக்கம் மென்துணி வைக்காவிட்டால் கோடு விழும் என்று நான் சொல்லுமுன்பே அவர் வைத்திருந்தார். இந்த வேகத்துக்குப் பழகாமல் இன்சூரன்ஸ் கிடைக்காது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, திட்டாமல் பழக்கிய பயிற்சியாளருக்கும் நன்றி. பெரிய மாற்றம் என்பதால் திரும்பவும் சோதனைப் பறப்பு, குறைந்தது 5 மணி நேரம். அதுவரை வேறு யாரையும் ஏற்றக் கூடாது. தனியாக நான் மேலே போன ஒவ்வொரு முறையும் கீழே ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவிக்கு இந்த மடலில் எழுதி மாளாது.

உச்சிப்புளிக்கே ஓட்டி வரலாமே என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். அது கடற்படைத் தளம் அய்யா. அது போக, இந்த வகை விமானத்துக்கு நாடு தாண்ட வேண்டுமென்றால் வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனி அனுமதி வாங்க வேண்டும்.

நான் மட்டும் டிசம்பரில் வருகிறேன். பழைய கூட்டில் வெட்டியெடுத்த துண்டு ஒன்று அண்ணனுக்கு வேண்டுமாம், பட்டறையில் மாட்டி வைப்பாராம். பெட்டியில் வைத்துவிட்டேன். மதுரை விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டியதை மாமாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.