மேடை ஏற்றியது யார்?

அன்பு மகளுக்கு,

புது வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் போனில் நீ போகிற போக்கில் சொன்ன ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நல்லாப் பாடுறவங்க வந்து குவியுறாங்கப்பா, எங்க ஆளுங்க தேடுறது மகா மட்டமாப் பாடுறவங்களைத்தான்" என்றாய். பாட்டுப் போட்டியின் முதல் சுற்றுக்கு ஆள் பொறுக்குவது உன் வேலை. அதில் ஜனங்கள் வாய்விட்டுச் சிரிக்க நாலு பேராவது தேற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இதில் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. இந்த மாதிரி ஆட்களின் ரெக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்கி, "இதையெல்லாம் யாருப்பா கேட்பா?" என்று உன்னிடமே ஏச்சு வாங்கியவன் நான். அந்த அலமாரியில் இருப்பவர்கள் இப்போது உன் வேலைக்கு உதவுவார்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் மேலிடம் செய்வது ஒன்றும் புதுசில்லை. நியூயார்க்கில் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் என்ற நாடகக் கொட்டகை முதலாளி, பெரிய பெரிய கலைஞர்களைப் போட்டும் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். உயர்ந்த சரக்கு ஓடவில்லை, மட்டமான சரக்கைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, 1896ல் அயோவா மாநிலத்துக் கிராமப்புறத்திலிருந்து செர்ரி சகோதரிகளைக் கூட்டி வந்தார். அவர்களே எழுதிய பாட்டு, அவர்களே எழுதிய நீதி நாடகம். மேடையை நோக்கிக் காய்கறி பறந்தது, டிக்கெட்டும் பறந்தது. பிறகு ஒரு பத்திரிகை தங்களைக் கேவலமாக எழுதியதென்று அந்தப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1901ல் அயோவா உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேடை ஏறியவரை விமர்சகர் எவ்வளவு காரமாகவும் எழுதலாம் என்பதற்கு அமெரிக்காவில் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. அடி வாங்கியவர்களின் செலவில் அடிப்பவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு! இதற்காக ஹாமர்ஸ்டைனை அவர்கள் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை என்பதைக் கவனி.

இப்போது நேர் எதிரான ஆள் ஒருவர். ஜோசப் பூஜோல், மார்சேய் நகரத்து ரொட்டிக்காரர், 1857ல் பிறந்தவர். சிறுவனாகக் கடலில் மூச்சடக்கி முங்கியபோது பின்பக்கமாகக் குளிர்ந்த நீர் உள்ளே ஏறுவதை உணர்ந்து அலறிக்கொண்டு கரைக்கு ஓடியவர். பிற்பாடு அதையே பழகிப் பழகி, தண்ணீரைப் போலவே காற்றையும் உள்ளே இழுத்து, வேண்டியபோது வேண்டிய அளவில் வெளியே விடக் கற்றுக்கொண்டார். வயிற்றிலிருந்து வருவதில்லை, வெளிக்காற்றுதான். அதனால் நாற்றமும் கிடையாது. 1892ல் பாரிஸில் மூலான் ரூஜ் என்ற கேளிக்கை அரங்கின் மேடைக்குப் போனார். சிவப்புக் கோட்டு, கறுப்பு சாட்டின் கால்சட்டை, வெள்ளைக் கையுறை, முகத்தில் ஒரு நீதிபதியின் களை. "இது புது மணப்பெண்ணின் குசு" என்று பணிவாக அறிவித்துவிட்டு ஒரு சின்னக் கீச்சு. அடுத்து மாமியாருடையது. அதற்கடுத்து தையற்காரி துணி கிழிக்கும் சத்தம், பீரங்கி, இடி. ரப்பர் குழாய் சொருகி ஓகரினா என்ற ஊதுவாத்தியம் வாசிப்பார். கடைசியில் எட்ட நிற்கும் மெழுகுவர்த்தியை அணைப்பார். இறுக்கமான உடையில் வந்த சீமாட்டிகள் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிச் சாய்ந்ததாகச் சொல்வார்கள்.

நொடித்துப்போன நண்பர் ஒருவருக்கு உதவ வெளியே வித்தை காட்டினார் என்று மூலான் ரூஜ் அவர்மேல் வழக்குப் போட்டு 3000 ஃபிராங்க் அபராதம் வாங்கிக் கொடுத்தது. அவர் அழவில்லை. வெளியேறி, சொந்தக் கொட்டகை போட்டார். 1914ல் போர் வந்து, பிள்ளைகள் போர்முனைக்குப் போனதும் மேடையை விட்டார். பிறகு ரொட்டி அடுப்புக்கே திரும்பினார். 1945ல் காலமானார். சிரிப்பு எங்கே வர வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எல்லாம் அவர் கையில். அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதே இல்லை.

நியூயார்க்கில் பாடிய ஃப்ளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் அம்மாள் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஸ்வரம் நிற்காது, தாளம் நிற்காது, ஆனால் கச்சேரிக்குத் தேர்ந்தெடுப்பது மோசார்ட்டின் எட்டாத உயரத்துப் பாட்டு. பெரிய சொத்து இருந்தது. ஆண்டுதோறும் ஹோட்டல் அரங்கில் பாடுவார், டிக்கெட்டைத் தானே ஆள் பார்த்து விற்பார். இறக்கை கட்டிக்கொண்டு தேவதையாக வருவார். ஒரு பாட்டில் கூடையிலிருந்து பூவை அள்ளி எறிவார். மறுபடி பாடச் சொல்லி ஜனம் கத்தினால், எறிந்த பூவை ஆள் விட்டுப் பொறுக்கச் சொல்லி மறுபடி எறிவார்! டாக்ஸி விபத்தில் அடிபட்ட பிறகு முன்னைவிட உயரமான ஸ்வரம் எட்டுகிறது என்று, டிரைவருக்கு ஒரு பெட்டி சுருட்டு அனுப்பி வைத்தார் என்பார்கள். 1944 அக்டோபர் 25, வயது 76, நியூயார்க்கின் பெரிய கச்சேரி மண்டபமான கார்னகி ஹால் நிரம்பி வழிந்தது. இந்த முறை விமர்சகர்களும் வந்து, மறுநாள் கிழித்து எழுதினார்கள். ஒரு மாதத்தில் இறந்துபோனார். பத்திரிகை கொன்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எழுபத்தாறு வயது இதயத்துக்குப் பத்திரிகை தேவையில்லை என்பது என் கட்சி. அந்த அம்மாளுக்குத் தன் குரல் எப்படிக் கேட்டது என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் மண்டபத்தை எடுத்தது அவர், மேடை ஏறியதும் அவர் இஷ்டத்தில்தான்.

என்னை உலுக்குவது ஷாக்ஸ் என்ற அக்கா தங்கைகளின் இசைக்குழு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூர். ஆஸ்டின் விகின் என்பவருக்கு அவர் தாய் கைரேகை பார்த்து மூன்று பலன் சொன்னாராம்: செம்பொன் கூந்தல் பெண்ணைக் கட்டுவாய், நான் போன பிறகு உனக்கு இரண்டு பையன்கள் பிறப்பார்கள், உன் மகள்கள் இசைக்குழு வைத்துப் புகழடைவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைத் தானே பலிக்க வைத்துவிடுவதென்று மனிதர் இறங்கிவிட்டார். டாட், பெட்டி, ஹெலன் மூவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, கிட்டாரும் டிரம்ஸும் வாங்கிப்போட்டு, நாள் முழுக்கப் பயிற்சி. சனிக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் வாசிப்பு. ஒரு போட்டியில் குளிர்பான டின்னை எறிந்தார்கள். 1969ல் ஒலிப்பதிவுக்கே கூட்டிப்போய்விட்டார். பிள்ளைகள் இன்னும் தயாராகவில்லை என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லியும் கேட்கவில்லை. சூடு ஆறுமுன் பதிந்துவிட வேண்டுமாம்.

நீ அந்த ரெக்கார்டைக் கேள். கிட்டார் ஒரு பக்கம் போகும், டிரம்ஸ் தன் பாட்டுக்கு வேறொரு பாட்டை வாசிக்கும், குரல் மட்டும் கிட்டாரின் ஒவ்வொரு சுரத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு வரும். நடுவில் யாராவது நிறுத்தி, தப்பு வந்துவிட்டது, மறுபடி வாசிப்போம் என்பார்களாம். எது தப்பு, எது சரி என்று இவர்களுக்கு எப்படித் தெரிகிறது என ஸ்டூடியோக்காரர்கள் விழித்தார்களாம். அதாவது அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்காகத்தான் பிற்பாடு ராக் பாடகர் கர்ட் கோபேன் போன்றவர்கள் அந்த ஆல்பத்தைக் கொண்டாடினார்கள். எனக்கும் அது பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1975ல் அப்பா இறந்தவுடனே மூவரும் வாத்தியத்தை வைத்துவிட்டார்கள். அதை நினைத்தால், அதுவரை அவர்கள் விரும்பியா வாசித்தார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைனி டிம் என்ற அமெரிக்கப் பாடகர், உகுலேலே என்ற சின்னக் கிட்டாரும் பெண்குரலுமாக வந்து, 1969ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே கல்யாணம் செய்துகொண்டார். சிரித்தவர்களில் பலருக்கு, அவர் பழைய பாட்டுகளின் நடமாடும் களஞ்சியம் என்பது தெரியாது. 2004ல் ஒளிபரப்பான அமெரிக்கன் ஐடல் என்ற பாட்டுப் போட்டியில் பாடிய வில்லியம் ஹங் உன் வேலைக்கு நேரடி உதாரணம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் மாணவர், பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிந்ததைச் செய்துவிட்டேன், வருத்தமில்லை என்றார் அமைதியாக. அந்த வருஷமே ஆல்பம் வந்தது. ஆனால் அவரைப்போல எல்லோரும் தாங்குவார்கள் என்று உங்கள் ஆட்கள் கணக்குப் போட்டால், அது லாட்டரிக் கணக்கு.

உன் மேஜைக்கு வரும் விண்ணப்பத்தில் பெயர், வயது, பாட்டு எல்லாம் கேட்கிறீர்கள் என்றாயே, யார் சொல்லி வந்தாய் என்று கேட்கிறீர்களா? படிவத்தில் இடமில்லையென்றால் வாயால் கேள். தனியாக வந்து, பூஜோல் மாதிரி தன் வித்தை என்ன என்று தெரிந்து நிற்பவரைத் தாராளமாக அனுப்பு, ஊரே சிரிக்கட்டும், நானும் சிரிக்கிறேன். அப்பாவோ மாமாவோ பின்னால் நின்று முதுகில் தள்ளினால், பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசிப் பார். திரும்பிப் போகிறேன் என்று அது சொன்னால், போக விடு. உன் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அதற்கு மேலதிகாரியிடம் நீ என்ன சமாதானம் சொல்வாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.

ஷாக்ஸ் பாட்டை அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேள், அறைத் தோழி பாவம்.

அன்புடன்,
அப்பா