கீழ்வீட்டு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்றோடு அப்பாவுக்குப் புற்றுநோய் மருந்து முடிந்தது. "இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வந்து காட்டினா போதும்" என்று டாக்டர் சொன்னார். அம்மா பழக்கதோஷத்தில், "சரிங்க டாக்டர், அடுத்த ஊசி எப்போ?" என்று கேட்டுவிட்டாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும் நம்ப முடியவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் சம்பிரதாயமாகிவிடும்.

கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. குடலில் முதல் ஆபரேஷன், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது கல்லீரலில் தெரிந்த புள்ளி, அதற்கு இன்னொரு ஆபரேஷன், அப்புறம் கீமோ. ஒவ்வொன்றிலும் உங்களில் யாராவது கூட நின்றிருக்கிறீர்கள். யார் எந்த இடத்தில் நின்றீர்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

முதல் கும்பிடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கியது, மறு வருஷம் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் பொது அறிவுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண்மணியின் பிடிவாதம் அது என்பது, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நெல்லூரிலிருந்து வந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மனசில் ஏறியது. டே கேர் சிஸ்டர்களே, ஆக்சாலிபிளாட்டின் என்கிற கீமோ மருந்து ஏறும்போது நரம்பு கடுக்கும் என்று அப்பா வாய் திறப்பதற்கு முன்பே வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கைமேல் வைத்தீர்கள். "தாத்தா, நீங்க தூங்குங்க, பாட்டில் முடிஞ்சா நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார்.

ரேஷன் கடை அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு 14 நாள் சாப்பிடுகிற கேபசிடபின் மாத்திரை உள்ளங்கை, உள்ளங்கால் தோலைச் சிவக்கவைத்து உரித்துவிடும். சிலருக்கு விரல் ரேகையே போய்விடும். அப்பாவுக்குப் போய்விட்டது. அட்டையில் பெயர் இருக்கிற எல்லோரும் நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும் என்றபோது, அவருடைய எந்த விரலையும் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பா ஆயுசு முழுக்க அச்சகத்தில் அச்சுக்கோத்தவர். "ஈய எழுத்து பொறுக்கினப்பவே பாதி தேஞ்சு போச்சு, மிச்சம் இதில போச்சு" என்று வரிசையில் நின்றவர்களிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் எரிச்சல்படவில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, உள்ளே போய் கருவிழி பார்க்கிற கருவியைத் தேடி எடுத்துவந்து வேலையை முடித்துக்கொடுத்தார். இந்த மாத்திரை ஆரம்பிக்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆதாரில் கண் பதிவு சரியாக இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவையுங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரத்தம் கொடுக்க வந்து நின்ற தம்பியின் கிரிக்கெட் கூட்டாளிகள், வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்ட மேனேஜர், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து ஹோம்வொர்க்வரை முடித்து அனுப்பிய அத்தை, முதல்வர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் "இது இல்ல, அது இல்ல" என்று திருப்பி அனுப்பாமல் எந்த ஆபீஸில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்த பெண், வேகத்தடை வந்தால் வண்டியை நடக்கவைத்த ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதமாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இங்கேயே கும்பிட்டுக்கொள்கிறேன்.

முள்சீத்தா இலை, கோதுமைப் புல் சாறு, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களே, உங்கள் அக்கறைக்கும் நன்றி. ஒன்றைக்கூட முயற்சி செய்யவில்லை. எதையும் அனுப்பாமல் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டவர்களுக்குக் கூடுதல் நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கீழ்வீட்டு அக்காவுக்காக.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு முதல் மாடி. நேர் கீழே அக்கா வீடு. அவருக்குப் பொடி வியாபாரம். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறி மசாலா என்று வறுத்து, மில்லில் அரைத்து, பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சில கடைகளுக்கும் கொடுக்கிறார். காலையில் இரும்புச் சட்டியில் மிளகாய் விழுந்தால் மொட்டை மாடிவரை தும்மல் கேட்கும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம். இரண்டு பெண்களை அதில்தான் படிக்கவைக்கிறார். அப்பாவுக்கு அந்த நெடி பிடிக்கவே பிடிக்கும். பேப்பர் படித்துக்கொண்டே, "இன்னைக்குக் குண்டு மிளகாய், நீட்டு இல்ல" என்று மூக்கை வைத்தே சொல்வார்.

கீமோ தொடங்கியதும் அந்த மூக்கே எதிரியாகிவிட்டது. ஊசி போட்ட முதல் வாரம் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்பார். ஷாம்பு, சாம்பிராணி, அம்மா தாளிக்கிற கடுகு எல்லாமே குமட்டியது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரை வாந்தியைப் பிடித்துவைத்தது, குமட்டலைப் பிடிக்கவில்லை. தாளிப்பை நிறுத்தினோம். சூடான சாப்பாட்டில்தான் வாசனை தூக்கலாக வரும் என்று சிஸ்டர் சொன்னதால் எதையும் ஆறவைத்தே கொடுத்தோம். மிளகாய் நெடியை என்ன செய்வது? ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகினோம். சித்திரை மாசம், சாத்தின அறை, குளிர்ந்த தண்ணீர் தொடக்கூடாது. ஆக்சாலிபிளாட்டின் போட்டால் சில நாளைக்குச் சில்லென்று எது பட்டாலும் விரலில் ஷாக் அடிக்கும், தொண்டை அடைக்கும். (அந்த ஒரு விஷயத்தில் சென்னை உதவியது. மே மாசத்தில் டேங்க் தண்ணீரே வெந்நீர்தான்.)

அக்காவிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு ராத்திரி பேச்சு வந்தது. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "அவ பொழப்புல நாம கை வைக்கக் கூடாது."

சில ஊசிகள் கழிந்தன. நெடி வருவது நின்றது. காற்று திசை மாறிவிட்டது என்று நான் நினைத்தேன். "மூக்கு பழகிடுச்சு" என்றாள் அம்மா. மருந்து இல்லாத நாட்களில் வருகிறது, ஊசி போட்ட வாரத்தில் மட்டும் வருவதில்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வருவதைக் கவனிக்கலாம், வராததை எப்படிக் கவனிப்பது?

போன வாரம் மாடிப்படியில் அக்காவின் பெரிய பெண் என்னைப் பார்த்து, "தாத்தாவுக்கு இதுதான் கடைசி ஊசியாக்கா? அப்ப அம்மா இனிமே சட்டியத் தூக்கிட்டு அலைய வேணாம்" என்றாள். எந்தச் சட்டி என்று கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விடாமல் கேட்டுத்தான் வாங்கினேன். அப்பா ஒரு நாள் ஆட்டோவிலிருந்து இறங்கிப் படியேற வந்தவர், அவர்கள் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, காம்பவுண்டுச் சுவரோரம் போய்க் குனிந்து நின்றிருக்கிறார். அக்கா உள்ளேயிருந்து பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பை அணைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வாரம், விடிவதற்கு முன்னால் இரும்புச் சட்டியையும் மிளகாய் மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சின்னமலையில் தங்கச்சி வீட்டு மொட்டை மாடியில் போய் வறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அம்மாவைப் படியில் பார்க்கும்போதெல்லாம் "அடுத்த ஊசி எப்போம்மா?" என்று கேட்டதெல்லாம் இதற்குத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழே போனேன். சமையலறைக் கதவில் ஒரு மாசக் காலண்டர் தொங்கியது. பால் வராத நாட்களுக்கு ஒரு பெருக்கல் குறி, சீட்டுப் பணம் கட்டுகிற தேதிக்கு ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் வரிசையாக ஏழு கட்டங்களில் பென்சிலால் "மேல்வீடு", "மேல்வீடு" என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா ஃபேனைப் போட்டார். "அங்க மொட்டை மாடில காத்து நல்லா வருதும்மா, மிளகாயும் சேர்த்துக் காயுது. இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு" என்றார். காபி குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தேன்.

அம்மா சொல்கிறாள், இது 2015 வெள்ளத்துக்கான நன்றிக்கடன் என்று. அந்த டிசம்பரில் அடையாறு உள்ளே வந்தபோது கீழ்த்தளம் மூழ்கி, அக்கா குடும்பம் எங்கள் வீட்டில்தான் தங்கியது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அன்னைக்கு அவங்க கதவத் தட்டினாங்க, நாம தொறந்தோம். தொறக்காம எவன் இருப்பான்? இன்னைக்கு நாம தட்டவே இல்லையே" என்றார். நான் அப்பா கட்சி. எங்களுக்கு உதவியவர்கள் எல்லோரையும் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன், யாருக்காவது நன்றி சொல்ல விட்டுப்போகக் கூடாது என்று. அந்த நோட்டில் அக்காவின் பெயர் இல்லை. அந்தப் பெண் வாய்தவறிச் சொல்லாமல் இருந்திருந்தால் கடைசிவரை இருந்திருக்காது, அதைப் பற்றி அக்காவுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. அப்படியென்றால் இன்னும் எத்தனை பேர் என்ன செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதுமே தெரியாது. நேற்றிலிருந்து தெருவில் எல்லோரையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி ஐந்து வருஷம் கண்காணிப்பு. சிஇஏ என்கிற ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நடுவில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பி. பயம் இல்லை என்றால் பொய். அதற்கு நடுவில் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். காப்பீட்டு விண்ணப்பம், வருமானச் சான்று, ரயில் சலுகைப் படிவம் எல்லாம் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் பிளாக்கில் மட்டும் இல்லை, கோட்டூர்புரத்தில் யாருக்கு இந்த நிலைமை வந்தாலும் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லுங்கள், என் நம்பர் அவரிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை முழுக்க நான் சும்மாதான் இருப்பேன். அலைவதற்குத் தம்பி இருக்கிறான், அவனிடம் இன்னும் கேட்கவில்லை.

அக்கா, இதை உங்க பொண்ணு படிச்சுக் காட்டும்போது பாதியிலேயே எழுந்து போயிடுவீங்கன்னு தெரியும். அதனால முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். பஸ் காசு, தங்கச்சி வீட்டு கேஸ், அந்த வாரங்கள்ல விட்டுப்போன கடை ஆர்டர், எதையும் நீங்க எங்ககிட்ட வாங்க மாட்டீங்க. சரி. எங்க ஆபீஸ்ல பொடி லிஸ்ட் ஒண்ணு சுத்த விட்டிருக்கேன், நேத்தே ரெண்டு பக்கம் நிரம்பிடுச்சு. நாளைக்குக் கொண்டுவந்து தர்றேன். தெரிஞ்சவங்கன்னு யாருக்கும் பத்து ரூபாகூடக் குறைக்கக் கூடாது. எங்க வீட்டுக்கு அரைக் கிலோ சாம்பார்ப் பொடி, காரம் கொஞ்சம் கம்மியா. அப்பாவுக்கு வாய்ப்புண் இன்னும் முழுசா ஆறலை.