மணிலாவில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

போன வாரம் நீ போனில் சொன்னது மனதைவிட்டுப் போகவே இல்லை. உன்னோடு படிக்கும் பிலிப்பினோ பிள்ளைகள் அந்நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட ஃபெர்டினாண்ட் மார்கோஸின் காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள், வீட்டுக்காரப் பாட்டி, நீங்கள் லோலா என்று கூப்பிடுகிறவர், மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார் என்றாயே. அதனால்தான் அவருடைய மனைவி இமெல்டா மார்கோஸைப் பற்றி லாரன் கிரீன்ஃபீல்ட் 2019இல் எடுத்த ‘தி கிங்மேக்கர்’ ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தேன்.

தொடக்கத்தில் பெரும்பாலும் அந்த அம்மாள்தான் பேசுகிறார். எண்பதைத் தாண்டிய வயது, ஒரு முடி கலையவில்லை. சின்ன வயதில் தாயை இழந்ததைச் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. காரில் இருந்தபடியே தெருப் பிள்ளைகளுக்குப் பணத்தாள்களை நீட்டுகிறார். ஓரிடத்தில் மேசைமேல் இருந்த புகைப்படச் சட்டம் கைபட்டு விழுந்து நொறுங்குகிறது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார், வேலையாள் வந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளுகிறார். அதை மட்டும் இரண்டாவது முறை ஓடவிட்டுப் பார்த்தேன்.

அப்புறம்தான் மற்றவர்கள் வாய் திறக்கிறார்கள். 1972இல் ராணுவச் சட்டம் வந்தபின் பிடித்துச் செல்லப்பட்ட பெண்கள், தங்களை என்ன செய்தார்கள் என்று நிதானமாகச் சொல்கிறார்கள். மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியின் கணக்கில் சிறைப்பட்டவர்கள் 70,000, சித்திரவதைக்கு ஆளானவர்கள் 34,000, கொல்லப்பட்டவர்கள் 3,200க்கும் மேல். 1986இல் ஆட்சி கவிழ்ந்து மார்கோஸ் குடும்பம் ஹவாய்க்கு ஓடியபோது உலகம் இமெல்டா விட்டுப்போன செருப்பு ஜோடிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கும் அதுவரை தெரிந்தது அந்தச் செருப்புக் கதை ஒன்றுதான், கயல். பிலிப்பைன்ஸின் கலாவித் தீவில் மார்கோஸ் ஆட்சி கென்யாவின் ஒட்டகச்சிவிங்கிகளையும் வரிக்குதிரைகளையும் விடுவதற்காக 254 குடும்பங்களை வெளியேற்றியது தெரியாது.

ஆனால் என்னை உலுக்கியது ஒரு வகுப்பறைக் காட்சி. பள்ளிப் பிள்ளைகள், நல்ல முகங்கள், ராணுவச் சட்டம் ஒழுங்கைக் கொண்டுவந்தது என்று வெள்ளை மனதோடு சொல்கிறார்கள். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் நான். அவர்கள்மேல் கோபம் வரவில்லை, அவர்களிடம் சொல்லாமல் விட்டவர்கள்மேல்தான் வந்தது. 2022இல் மகன் போங்போங் அதிபரானதும் அந்த முகங்கள்தான் கண்முன் வந்தன.

உன் நண்பர்களோடு இதற்காகச் சண்டைக்குப் போகாதே. கெசோன் சிட்டியில் பந்தாயோக் நினைவிடம் இருக்கிறது, அந்த ஆட்சியை எதிர்த்து உயிர்விட்டவர்களின் பெயர்களைக் கருங்கல் சுவரில் பொறித்திருக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வா. உன் வயதுக்காரர்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். சில பெயர்களையாவது நின்று வாசி.

லோலாவையும் கூப்பிட்டுப் பார். வரவில்லை என்றால் வற்புறுத்தாதே. எழுந்து அடுப்படிக்குப் போனால் நீயும் பின்னாலேயே போய், அவரோடு சேர்ந்து காய் நறுக்கு.

அன்புடன்,
அம்மா