என் நிகழ்வு பஃபருக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஒன்றரை வருடமாக ஓய்வு நேரத்தில் எழுதிவரும் என் சின்ன கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி), சென்ற வாரம் முதல்முறையாக ஒரு நிகழ்வுகூட நழுவாமல் இரவு முழுக்க ஓடியது. கெர்னலும் புரோகிராமும் ஒரே மெமரியில் பகிர்ந்துகொள்ளும் நிகழ்வு பஃபர்தான் என்னை ரொம்பப் படுத்தியது. அது வளையம்போலச் சுற்றிவரும் இடம்: கெர்னல் நிகழ்வுகளை எழுதும், புரோகிராம் படிக்கும்; எதுவரை எழுதியாயிற்று என்று சொல்லும் எண் வால், எதுவரை படித்தாயிற்று என்று சொல்லும் எண் தலை. அந்த பஃபரை நான் தனியாக முடிக்கவில்லை.

ராஸ்பெர்ரி பை 4 போர்டை மூன்று மாதம் இரவல் தந்த நண்பா, உனக்கு முதல் நன்றி. லேப்டாப்பில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. உன் போர்டில் ஏற்றியதும் பாதி எழுதிய நிகழ்வுகள் வர ஆரம்பித்தன. கெர்னல் தரவை எழுதிவிட்டுத்தான் வால் எண்ணை நகர்த்துகிறது. லேப்டாப்பில் உள்ள எக்ஸ்86 சிப் அந்த வரிசையை மாற்றாது. உன் போர்டில் உள்ள ஏஆர்எம் சிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வால் முந்திக்கொண்டது, தரவு பிந்தியது. உன் போர்டு இல்லாமல் அந்தப் பிழை என் கண்ணில் பட்டிருக்காது.

இரவு பதினொரு மணிக்குப் போனில் ரிலீஸ் (எழுதும் பக்கம் வரிசையைக் காக்கும் தடுப்பு), அக்வயர் (படிக்கும் பக்கம் காக்கும் தடுப்பு) இரண்டையும் விளக்கிய அண்ணா, எழுதும் பக்கம் மட்டும் தடுப்பு போதும் என்று நான் அடம்பிடித்தபோதும் நீங்கள் பொறுமை இழக்கவில்லை. படிப்பவனும் வாலைப் பார்த்த பிறகே தரவைத் தொட வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"புரோகிராம் அங்கே குப்பையை எழுதினால் கெர்னல் என்ன செய்யும்?" என்று கேட்ட அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? அப்போது தலையும் வாலும் ஒரே மெமரிப் பக்கத்தில் (தனித்தனியாக அனுமதி தரக்கூடிய மெமரித் துண்டு), புரோகிராம் எழுதும்படி இருந்தன. கெர்னல் தன் வாலையே அங்கிருந்து திரும்பப் படித்து நம்பியது. இப்போது புரோகிராம் எழுதத் தலைக்கு மட்டும் தனிப் பக்கம் திறந்திருக்கிறது. வாலையும் தரவையும் புரோகிராம் படிக்கலாம், தொட முடியாது.

அப்புறம், நான் பார்த்தே இராத இருவர். 2019-இல் லினக்ஸ் 5.1-இல் ஐஓ யூரிங்கைச் (கெர்னலும் புரோகிராமும் வளையங்களைப் பகிர்ந்து உள்ளீடு-வெளியீடு செய்யும் வழி) சேர்த்த ஜென்ஸ் ஆக்ஸ்போ, 2020-இல் 5.8-க்கு பிபிஎஃப் ரிங் பஃபர் (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களின் தரவை வெளியே தரும் வளையம்) எழுதிய ஆண்ட்ரீ நக்ரிகோ. தரவுப் பக்கங்களை அடுத்தடுத்து இரண்டு முறை மேப் செய்தால் (ஒரே பக்கங்களை அடுத்தடுத்த இரண்டு முகவரிகளில் காட்டினால்), வளையத்தின் விளிம்பைத் தாண்டும் பதிவும் துண்டாகாமல் ஒரே நீளமாகக் கிடைக்கும் என்பதை இரண்டாமவரின் நிரலில் கண்டேன். விளிம்பில் ஒட்டுப்போட நான் எழுதிவைத்திருந்த அத்தனை வரிகளையும் அன்றே அழித்தேன்.

நண்பா, போர்டை வரும் ஞாயிறு நேரிலேயே கொண்டுவந்து தருகிறேன்.