இரும்புச் சிலுவைப் படம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் போர்க்கால ஜெர்மானியப் பொருள்களைச் சேகரிக்கும் நகரவாசி ஒருவரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பதக்கங்களையும் பழைய நாணயங்களையும் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து வருபவன் என்ற முறையில், அதனுடன் வெளியான படத்தைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். ஹிட்லரின் படைவீரர் ஒருவர் போரில் அணிந்தது என்று குறிப்பிடப்பட்டிருந்த இரும்புச் சிலுவை என்னும் ஜெர்மானிய வீரப் பதக்கத்தின் நடுவில் மூன்று ஓக் இலைகள் தெளிவாகத் தெரிகின்றன. 1939 செப்டம்பர் 1 அன்று மீண்டும் நிறுவப்பட்ட சிலுவையின் முகப்பில் இருந்ததோ ஸ்வஸ்திகா. போரில் பெற்ற பதக்கங்களை அணியலாம், ஆனால் அவற்றில் அந்தச் சின்னம் இருக்கக் கூடாது என்று மேற்கு ஜெர்மனி 1957-இல் சட்டம் இயற்றியபோதுதான் இந்த ஓக் இலை வடிவம் வந்தது. கீழே 1939 என்ற ஆண்டை அப்படியே விட்டுவைத்ததால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். படத்தில் உள்ளது போலி என்று நான் சொல்ல வரவில்லை. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளாவது கழித்துச் செய்யப்பட்டது என்றுதான் சொல்கிறேன்.

சிலுவையுடன் ஒரு குடும்பக் கடிதமும் இருப்பதால் அதன் உண்மைத்தன்மை உறுதியாகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் துறையில் மிக எளிதாகத் தயாரிக்கக்கூடியது கடிதம்தான். 1983-இல் ஹிட்லரின் நாட்குறிப்பு என்று சொல்லி மேற்கு ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' இதழை ஏமாற்றிய கொன்ராட் குயாவ், அதற்கு முன்பே இந்தக் கலையில் கைதேர்ந்திருந்தார். சில மார்க்குகளுக்குக் கிடைக்கும் முதல் உலகப் போர்த் தலைக்கவசம் ஒன்றை வாங்கி, 1917-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஹிட்லர் அணிந்தது இதுவே என்று ஹிட்லரின் நெருங்கிய சகா ருடால்ஃப் ஹெஸ் கையொப்பமிட்டதுபோல் ஒரு சீட்டையும் எழுதிச் சேர்த்தார். கவசம் அசல், சீட்டு போலி, விலையோ சீட்டுக்குத்தான். நாட்குறிப்பின் கையெழுத்தைச் சரிபார்த்த நிபுணர்களிடம் ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட மாதிரிகளில் சிலவும் குயாவின் கைவண்ணமே என்பதால் கையெழுத்து 'ஒத்துப்போனதில்' வியப்பில்லை. அந்த நாட்குறிப்புத் தொகுதிகளுக்காக இதழ் கொடுத்தது சுமார் 93 லட்சம் மார்க். இறுதியில் காட்டிக்கொடுத்தவை, போருக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த தாளும், தொகுதிகளின் பைண்டிங்கில் இருந்த பாலியெஸ்டர் நூலும்தான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது பொருளை. வழக்கமான இரும்புச் சிலுவை ஒரே துண்டில் செய்யப்பட்டதன்று. கறுப்புப் பூச்சிட்ட இரும்புத் தகடு நடுவில் இருக்க, வெள்ளிச் சட்டத்தின் இரு பாதிகள் முன்னும் பின்னும் அதைக் கவ்வியிருக்கும். அவை பற்றாசு வைத்து இணைக்கப்பட்ட கோடு, ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய மயிரிழைபோலத் தெரியும். சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் மணிவரிசையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். வார்த்தெடுத்த போலியில் அவை ஊறிய ஜவ்வரிசிபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது காந்தம்: நடுத்தகடு இரும்பென்றால் அது ஒட்ட வேண்டும். இரும்பு அல்லாத தகடு வைத்த அசல்களும் சில உண்டு என்பதால் காந்தம் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாடாவைப் புற ஊதா விளக்கின் கீழ் பார்ப்பதும் அப்படித்தான்: நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஆனால் இன்றைய சலவைத் தூளில் துவைத்த பழைய நாடாவும் ஒளிரும். நாடா கோக்கும் வளையத்தில் பொறித்த தயாரிப்பாளர் எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன், ஏனெனில் எண்ணைப் பொறிக்க ஓர் உளியும் சுத்தியலும் போதும்.

இதையெல்லாம் நானும் காசு கொடுத்துத்தான் கற்றேன். முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் மாலுமி ஒருவன் இங்கே விட்டுச்சென்றது என்ற கதையுடனும், மஞ்சளேறிய கடிதத்துடனும் ஒரு பழம்பொருள் வியாபாரி 1914 சிலுவை ஒன்றை என் தலையில் கட்டினார். (அந்தக் காலத்தில் பலே கில்லாடியை ஊரார் 'எம்டன்' என்பார்கள்; அந்த வியாபாரி அதற்குப் பொருத்தமானவர்.) வீட்டுக்கு வந்து காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. ஓரத்தில் இணைப்புக் கோடும் இல்லை. லென்ஸை எடுப்பதற்கு முன் நாள்காட்டியை எடுத்திருந்தாலே பணம் மிச்சமாகியிருக்கும். எம்டன் சீனாவின் சிங்தாவோ துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது 1914 ஜூலை 31. ஜெர்மானியப் பேரரசரான கெய்சர் இரும்புச் சிலுவையை மீண்டும் நிறுவியதோ அதன் பிறகு, ஆகஸ்ட் 5. செப்டம்பர் 22 இரவு கடலில் இருந்தபடியே குண்டு வீசிவிட்டுப் போன அந்தக் கப்பலிலிருந்து ஒருவரும் சென்னையில் கால் வைக்கவே இல்லை.

அதனால்தான் அதே சேகரிப்பில் 'எம்டன் குண்டுத் துண்டு' என்று காட்டப்பட்டிருக்கும் இரும்பைப் பற்றியும் எனக்கு ஐயம் எழுகிறது. எம்டனின் பெரிய பீரங்கிகள் பத்தும் 10.5 சென்டிமீட்டர் வாயகலம் கொண்டவை. துண்டு, குண்டின் உருளைப் பகுதியைச் சேர்ந்ததாக இருந்தால், அதன் வெளிப்புற வளைவின் குறுக்கே 60 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, நடுவில் வளைவு அந்தக் கோட்டைவிட எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளக்கலாம். ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் வர வேண்டும். 6 மில்லிமீட்டர்தான் வருகிறது என்றால் அது ஆறு அங்குலக் குண்டின் துண்டாக இருக்கும். அப்படிப்பட்ட பீரங்கி எம்டனில் இல்லை. பொருந்திவந்தால் எம்டன் என்று நிரூபணமாகிவிடாது, ஆனால் பொருந்தாவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

சிலுவையின் படத்துக்கான திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுவதுடன், உரிமையாளர் இசைந்தால் சிலுவையின் பின்புறத்தையும் ஓரத்தையும், குண்டுத் துண்டை அளவுகோலுடனும் படமெடுத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சென்னை