நான்கு காலா, ஆறு காலா?

ஆசிரியருக்கு,

வலசை போகும் பட்டாம்பூச்சிகளின் படத்துக்குக் கீழே ‘ப்ளூ டைகர் கூட்டம்’ என்று போட்டிருந்தீர்கள். படத்தில் பாதிக்கு மேல் டார்க் ப்ளூ டைகர். நான் தையல்காரன், கோடும் கட்டமும் பார்த்தே கண் பழகியவன். ப்ளூ டைகரின் வெளிர்நீலப் பட்டைகள் அகலம். மற்றதில் அவை ஒல்லி, கறுப்புதான் தூக்கலாகத் தெரியும்.

தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து சமவெளிக்கு இவை வரும்போது காமன் க்ரோ, டபுள் பிராண்டட் க்ரோ என்ற பட்டாம்பூச்சிகளும் கூடவே வரும். அந்த இரண்டையும் பறக்கும்போது பிரிப்பது, சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாடு. ஆணின் முன்னிறகு மேல்பக்கத்தில் ஒரு கோடு இருந்தால் காமன் க்ரோ, இரண்டு இருந்தால் அடுத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது காமன் மைம் என்ற பட்டாம்பூச்சி. விஷமில்லாத இது ஒரு வடிவத்தில் விஷமுள்ள ப்ளூ டைகர் போலவும், இன்னொன்றில் விஷமுள்ள க்ரோ போலவும் வேஷம் கட்டும். பறவையே ஏமாறும். ஆனால் உட்கார்ந்ததும் காலைப் பாருங்கள்: டைகரும் க்ரோவும் நான்கு காலில்தான் நிற்கும், முன்னங்கால்கள் சிறுத்து மார்போடு மடங்கியிருக்கும். மைமுக்கு ஆறு காலும் ஊன்றும். பின்னிறகின் அடிப்பக்க ஓரத்தில் மஞ்சள் பொட்டுகளும் உண்டு.

கிட்டே போய்ப் பார்க்கக் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியே நல்ல இடம். ஆண் டைகர்கள் அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளுக்காக மொய்க்கும். பக்கத்தில் நின்றாலும் சட்டென்று நகராது.

அடுத்த முறை இறகின் அடிப்பக்கம் தெரியும் படமும் ஒன்று போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்